திருஷ்டிக்கு ஒரு நட்சத்திரம்

திருமலைசாமிக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் என்று எதுவும் கிடையாது. பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவர். உருக்கி ஊற்றிய இரும்பு வார்ப்பு ஆறி வந்ததும் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார், விரிசல் இருக்கிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்பார், சாக்பீஸை எடுத்து ஒரு டிக் போடுவார், இல்லையென்றால் பெருக்கல் போடுவார். அவர் பெருக்கல் போட்டதை முதலாளியே வந்து நின்றாலும் லாரியில் ஏற்ற முடியாது. அப்படி இருந்த மனுஷனுக்கு ஒருநாள் மாலை போட்டு, சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து, கம்பெனி வேனில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். மறுநாள் காலையிலிருந்து எது சரி, எது தப்பு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்டது அவருடைய செல்போன் ஒன்றுதான்.

பேக்கரியில் ஒரு டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டுவிட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அது கேட்டுவிடும்: ‘இந்த இடம் எப்படி இருந்தது?’ பஸ்ஸில் போய் வந்தால் கேட்கும். கோயிலுக்குப் போனாலும் கேட்கும். பெற்ற மகள் பெங்களூரிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை பேசும்போதுகூட, "சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பதோடு சரி. இந்த டப்பாதான் மெனக்கெட்டு அவருடைய கருத்தைக் கேட்டது, கருத்துச் சொன்னதும் நன்றியும் சொன்னது. மனுஷன் அதில் விழுந்துவிட்டார். பேக்கரியின் டீ, பஸ் ஸ்டாண்டின் கழிப்பறை, பல் டாக்டரின் நாற்காலி, எல்லாவற்றுக்கும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒற்றை விரலால் எழுதுவார். நாலாயிரம் பேர் உங்கள் கருத்தைப் படித்திருக்கிறார்கள் என்று ஒருநாள் போன் சொன்னது. அன்றைக்கு இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார்.

போனை நம்பினார் என்பதற்காக, போனுக்குள் வருவதையெல்லாம் ஒப்புக்கொண்டார் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கும் தனித்தனியாக அபிப்பிராயம் இருந்தது. "அரை மணி நேரச் செய்தியில கால் மணி நேரம் என்னைய ரம்மி ஆடச் சொல்றானுங்க. மூட்றதுக்கு ஒரு பெருக்கல் குறி வெச்சிருக்கான் பாருங்க, எள்ளுல பாதி. நான் போட்ட பெருக்கலை பத்தடி தள்ளி நின்னு பாக்கலாம்" என்பது விளம்பரங்களைப் பற்றி அவர் சொன்னது. சாப்ட்வேரைப் பற்றி: "நல்லா ஓடீட்டிருக்கற மோட்டாரை வாரத்துக்கொருக்கா எவனாச்சும் கழட்டி மாட்டுவானா? இவனுங்க மாட்டறானுங்க. கேட்டா அப்டேட்டாமா." வீடியோ கேமைப் பற்றி, லீவுக்கு வந்திருந்த பேரன் ரித்விக்கைப் பார்த்துவிட்டு: "இல்லாத துப்பாக்கியில இல்லாத ஆளைச் சுடறான். தோத்துப்போனா மட்டும் நெசமாவே அழுவறான்."

இத்தனைக்கும் காது கொடுத்தவள் அவர் மனைவி ரங்கம்மாள். அவர்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்வது தெலுங்கு. முன்னோர் எந்தக் காலத்திலோ கொண்டுவந்தது, பாதிக்கு மேல் தமிழ் கலந்து கிடந்தது. அந்தக் கலவையில் ரங்கம்மாள் திருப்பிக் கொடுப்பாள்: நீங்கள் சொல்வதைக் கேட்டு அமெரிக்காக்காரன் கடையை மூடிவிடப் போகிறான், போய்ப் பால் வாங்கி வாருங்கள் என்று. அவரும் முணுமுணுத்துக்கொண்டே போய் வாங்கி வருவார்.

எவ்வளவு கருத்து எழுதினாலும் அவர் எதற்கும் ஐந்து நட்சத்திரம் போட்டதில்லை. இது அவர் ஒருவருடைய குணம் அல்ல, இந்தப் பக்கத்து ரத்தத்தில் இருப்பது. மூன்று ஷிப்டும் மெஷின் ஓடுகிற மில்காரரிடம் தொழில் எப்படி என்று கேளுங்கள், "ஏதோ பொழப்பு ஓடுதுங்க" என்பார். கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே தாய்க்காரி, "எங்கீங்க, சோறே திங்கறதில்லீங்க" என்பாள். நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று வாய் நிறையச் சொன்னால் கண் பட்டுவிடும். அதனால்தான் அழகான குழந்தையின் கன்னத்தில் மையால் ஒரு பொட்டை வைத்துக் கொஞ்சம் கெடுத்து வைப்பது. திருமலைசாமியின் கணக்கில் ஐந்து என்பது பொட்டு வைக்காத குழந்தை. அவருக்குச் சுமாராகப் பட்டதற்கு மூன்று, மிகவும் பிடித்ததற்கு நாலு. அந்தக் காலியான ஐந்தாவது நட்சத்திரம் திருஷ்டிக்கு விட்டது.

போன தை மாதம் ரங்கம்மாள் குளித்துவிட்டு வந்து கண்ணாடி முன்னால் நின்றவள், கையில் சீப்போடு அப்படியே சரிந்தாள். வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சும் போயிற்று. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வரும்போது டாக்டர் திருமலைசாமியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "முதல் ஒரு வருசந்தாங்க நம்ம கையில இருக்குது. தினமும் வேலை குடுத்தா கையும் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வரும். உட்டுட்டா விரலெல்லாம் உள்ள மடங்கிக்கும். ஒருக்கா நல்லா மூடிப்போச்சுன்னா அப்புறம் நீங்க நெனச்சாலும் தொறக்காது." பேசாத வாயும் மூடப் போகிற கையுமாக ரங்கம்மாளை அவர் வீட்டுக்குக் கூட்டி வந்தார். நாற்பத்தியோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் அவர் சொன்னதற்கு எதிர்ப்பேச்சு இல்லை. அது அவருக்குத் தாங்கவில்லை.

மகள் பிரீத்திகா பெங்களூரில் சாப்ட்வேர் வேலையில் இருப்பவள், எல்லாவற்றுக்கும் ஒரு செயலி வைத்திருப்பவள். வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட்களை அனுப்புகிற செயலி ஒன்றை அப்பாவின் போனில் ஏற்றிவிட்டாள். அதன் வழியாக வந்தவள்தான் மோகனப்பிரியா. காரமடைப் பக்கத்துப் பெண், இருபத்தெட்டு இருக்கும். செவ்வாய், வியாழன், சனி காலை பத்து மணிக்கு அவளுடைய ஸ்கூட்டர் வாசலில் வந்து நிற்கும். உள்ளே கால் வைக்கும்போதே, "ஏனுங்கப்பா, அம்மா தூங்குனாங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவாள். சொந்த மகளே ‘டாடி’ என்று கூப்பிடுகிற வீட்டில் இந்த அப்பா அவருக்கு எங்கேயோ போய்த் தைத்தது.

அவள் செய்த முதல் காரியமே அவருக்குப் பிடிக்கவில்லை. மகள் அனுப்பியிருந்த பழைய டேப்லெட்டில் ஒரு வீடியோ கேமை ஏற்றினாள். கீழேயிருந்து கலர் கலராய்ப் பலூன்கள் கிளம்பி மேலே போகும், விரலால் தொட்டால் வெடிக்கும். டேப்லெட்டைச் சொம்பில் சாய்த்து வைத்து ரங்கம்மாளின் வலது கையைத் தூக்கி அதன் முன்னால் வைத்தாள்.

"அம்மணி, இது கொழந்தைக வெளையாடறதாச்சே" என்றார் திருமலைசாமி.

"வெறுங்கையத் தூக்குங்கன்னா அம்மா தூக்க மாட்டேங்கறாங்கங்கப்பா. பலூனு தப்பிச்சுப் போகுதுன்னா தூக்குவாங்க பாருங்க."

நாலாவது வாரம் தூக்கினாள். ஒரு சிவப்புப் பலூன் மேலே போய்க்கொண்டிருந்தது. ரங்கம்மாளின் ஆள்காட்டி விரல் நடுங்கி நடுங்கி நீண்டு அதைத் தொட்டது. டப் என்று சத்தம் வந்தது. திருமலைசாமி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். அன்றைக்கு வீடியோ கேம் பற்றிய தன் அபிப்பிராயத்தை அவர் மாற்றிக்கொண்டார். வாழ்நாளில் அவர் மாற்றிக்கொண்ட ஒரே அபிப்பிராயம் அதுதான்.

விளம்பரத்தின் மேல் இருந்த கோபம் மட்டும் போகவில்லை. மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை கேம் நின்று ஏதாவது விளம்பரம் ஓடும். அந்த எள்ளளவு பெருக்கலைத் தேடி அமுக்குவதுதான் பயிற்சியின்போது அவருடைய வேலை. அடிக்கடி வந்தது ஒரு சாம்பார்ப் பொடி விளம்பரம். மாமியார், மருமகள், ஒரு பாட்டு, கடைசியில் எல்லோரும் மூக்கை உறிஞ்சி, "மணக்குது மணக்குது" என்பார்கள். ஒரு வியாழக்கிழமை அவர் பெருக்கலைத் தேடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு குரல், உடைந்து, தொண்டைக்குள்ளிருந்து இழுத்து வந்த மாதிரி சொன்னது: "மண... குது."

மோகனப்பிரியா வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து பேசிய தெலுங்கில் ஒரு சொல் வரவில்லை, புருஷன் பேர் வரவில்லை, மகள் பேர் வரவில்லை. ஐந்து மாதம் கழித்து ரங்கம்மாள் பேசிய முதல் வார்த்தை சாம்பார்ப் பொடிக்காரன் எழுதிக் கொடுத்தது. இருந்தால் என்ன? திருமலைசாமி அன்று மாலையே கடைக்குப் போய் அந்தப் பொடியில் ஒரு பாக்கெட் வாங்கி வந்து பூஜை அலமாரியில் வைத்தார்.

ஒவ்வொரு நாளும் மோகனப்பிரியா போனதும் போன் கேட்கும்: ‘இன்றைய சேவை எப்படி இருந்தது?’ அவர் நாலு போடுவார். கீழே எழுதவும் எழுதுவார்: ‘தங்கமான பிள்ளை. நான் பெறாத மகள். இவங்க வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு உயிர் வந்தது.’ இத்தனை எழுதியபின் ஐந்தையும் போட்டால் ஊர்க் கண்ணெல்லாம் அந்தப் பிள்ளை மேல் விழாதா? ஒன்றை அணைத்தே வைத்தார். அவ்வளவு பிரியமாக ஒரு நட்சத்திரத்தை யாரும் குறைத்திருக்க மாட்டார்கள்.

ஆவணியில் ரங்கம்மாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து வாசல்படி வரை நடந்தாள். எதிர்வீட்டு மாசாணியம்மாள் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று பார்த்தவள், "அட, நம்ம ரங்கம்மாளா இது! பழையபடி ஆயிட்டாங்களே!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். பொழுது சாய்வதற்குள் ரங்கம்மாளுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. திருமலைசாமி உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டார். நெடியே வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டது உறுதி என்று அர்த்தம். இரும்பைத் தட்டியே நல்லது கெட்டது சொன்ன மனுஷன்தான், ஆனால் இந்த விஷயத்தில் அவருக்கு அன்றைக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மோகனப்பிரியாவின் முகம் வாடியிருந்தது. பயிற்சி முடித்துப் பையை எடுக்கும்போது அவரே கேட்டார்.

"என்னம்மணி, வெசனமா இருக்கறே?"

"ஒண்ணுமில்லீங்கப்பா."

"சும்மா சொல்லு கண்ணு."

"நான் பாக்கற மூணு ஊட்ல யாரோ ஒருத்தருக்கு என்னையப் புடிக்கலீங்க போலிருக்குங்கப்பா. ரேட்டிங் எறங்கீட்டே போகுதுங்க. யார் போட்டதுன்னு அதுல காட்டாதுங்க."

"எவன் அவன்? உன்னையப் போயி கொறை சொல்றவன் வெளங்குவானா?"

"உடுங்கப்பா. அவங்களுக்கு என்ன கஷ்டமோ" என்று சிரித்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். நாலு போட்டாலே அந்தச் செயலிக்குக் குறைதான் என்பதை அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் நட்சத்திரம் கேட்டு வாங்கின மாதிரி ஆகிவிடும், வயசான மனுஷரிடம் போய் எப்படிக் கேட்பது? அவரும், நான் போடுவது நாலு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லிக்காட்டினால் என்ன மரியாதை? இந்த ஊர் மரியாதை இருக்கிறதே, அது நல்ல மனிதர்களை இப்படித்தான் கொல்லும்.

அவர் கூடத்தில் உட்கார்ந்து யோசித்தார். ரங்கம்மாளுக்குக் காய்ச்சல். இந்தப் பிள்ளைக்கு ரேட்டிங். அப்படியானால் கண் அவள் மேலும் பட்டுவிட்டது. வைத்த பொட்டுப் பத்தவில்லை. போன் கேட்டது: ‘இன்றைய சேவை எப்படி இருந்தது?’ பொட்டைக் கொஞ்சம் பெரிதாக வைத்தார். மூன்று நட்சத்திரம். கீழே வழக்கத்தைவிட நீளமாக எழுதினார். அந்த வாரம் முழுக்க மூன்று. அடுத்த வாரமும், அதற்கு அடுத்த வாரமும் மூன்று.

புரட்டாசி பிறந்து இரண்டாவது செவ்வாய். ரங்கம்மாள் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் எட்டு வார்த்தை வந்திருந்தது. எதிரே சொம்பில் சாய்த்த டேப்லெட். மணி பத்தே கால் ஆயிற்று. ஸ்கூட்டர் வரவில்லை. போன் ஒருமுறை அதிர்ந்தது.

‘தங்களுக்கு ஏற்பட்ட தொடர் அதிருப்திக்கு வருந்துகிறோம். தங்கள் கருத்தின் அடிப்படையில் மோகனப்பிரியா எங்கள் தளத்திலிருந்து நீக்கப்பட்டுள்ளார். விரைவில் வேறு நிபுணர் நியமிக்கப்படுவார். தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்.’

மூன்று தடவை படித்தார். அதிருப்தியா, யாருக்கு என்று வாய்விட்டே கேட்டார். ரங்கம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, தான் போட்ட மூன்றுகளை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினார்.

அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினார். புகார் என்றால் இரண்டு, பாராட்டு என்றால் மூன்று. பாராட்டை அழுத்தினார். நன்றி என்று சொல்லி அது வைத்துவிட்டது. செயலியைத் திறந்து பழைய நட்சத்திரங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கல்லில் வெட்டின மாதிரி அப்படியே இருந்தன, ஒன்றையும் மாற்ற முடியவில்லை. கடைசியில் மாசாணியம்மாளை ரங்கம்மாளுக்குத் துணைக்கு வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறிச் சரவணம்பட்டியில் இருந்த அவர்களுடைய அலுவலகத்துக்கே போய்விட்டார். கண்ணாடிக் கட்டடத்தில் நாலாவது மாடி. ஒரே ஒரு மேசை, அதில் ஷேக் பரீத் என்று பெயர்ப்பட்டி குத்திய இளைஞர். எழுந்து நின்று நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கணினியில் பார்த்தார். "ஐயா, கடைசி முப்பது விசிட்டோட சராசரி நாலரைக்குக் கீழ போயிட்டா சிஸ்டமே நிறுத்தீரும்ங்க. மத்த ரெண்டு ஊட்லயும் எல்லாமே அஞ்சுங்க. உங்க ஊட்லதான்..."

"தம்பி, நான் எழுதியிருக்கறதப் படிச்சுப் பாருங்க. தங்கமான புள்ளைன்னு எழுதியிருக்கறேன்."

"எழுதறத யாரும் படிக்கறதில்லீங்கய்யா. நம்பரை மட்டுந்தான் எடுத்துக்கும்."

"அப்பறம் எதுக்கு எழுத எடம் உட்டிருக்கறீங்க?"

கண் படக்கூடாது என்றுதான் குறைத்துப் போட்டேன் என்று கிழவர் விளக்கினார். சொல்லும்போது அவருக்கே அவமானமாக இருந்தது. பரீத் சிரிக்கவில்லை. "எங்கம்மாவும் எம்பையனுக்குக் கால்ல மை வெச்சு உடுவாங்கய்யா. எனக்குப் புரியுதுங்க. ஆனா அதச் சிஸ்டத்துல போடறதுக்கு எடம் இல்லீங்களே" என்றார். பெங்களூரில் இருக்கிற தலைமை அலுவலகத்துக்கு ஒரு மெயில் மட்டும் எழுதிப் போட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் திருமலைசாமிக்குக் கம்பெனியில் தான் போட்ட பெருக்கல்கள் நினைவுக்கு வந்தன. அங்கே பெருக்கல் போட்டால் அந்த இரும்பை மறுபடி உருக்கி ஊற்றுவார்கள். யாரும் பட்டினி கிடக்கமாட்டார்கள்.

மோகனப்பிரியா போனை எடுக்கவில்லை. அவர் தானே பயிற்சி கொடுக்க முயன்றார். டேப்லெட்டை அதே சொம்பில் சாய்த்து, அதே பலூன் விளையாட்டை வைத்தார். பலூன்கள் கிளம்பி மேலே போயின, எல்லாம் தப்பித்துப் போயின. ரங்கம்மாள் கையைத் தூக்கவில்லை, வாசலையே பார்த்தாள். விளம்பரம் வந்தது. அவர் பெருக்கலைத் தேடவில்லை. அவள் ஏதாவது சொல்வாளா என்று ரம்மியும் நகைக்கடையும் சாம்பார்ப் பொடியும் முழுசாக ஓடும்வரை உட்கார்ந்திருந்தார். அவள் எதுவும் சொல்லவில்லை. வந்திருந்த எட்டு வார்த்தையும் வந்த வழியே போய்க்கொண்டிருந்தன.

ஒன்பதாவது நாள் அவளே கூப்பிட்டாள்.

"ஏனுங்கப்பா, அம்மா எப்படீங்க இருக்கறாங்க? நான் சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டேன்னு நெனச்சுக்காதீங்கப்பா. எம்பேரை எடுத்துப்போட்டாங்க. மனசே செரியில்லீங்க, அதான் போனு எடுக்கல. இப்ப அவிநாசியில ஒரு கண்ணாடிக் கடையில பில்லுப் போடறேனுங்க."

"நீ நேரா நம்மூட்டுக்கு வந்துரு கண்ணு. ஆப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"முடியாதுங்கப்பா. அவங்க மூலமாப் பாத்த ஊட்டுக்கு ரெண்டு வருசத்துக்குப் போகக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்கறாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த மூணு ஊட்ல எந்த ஊடுன்னு யோசிச்சு யோசிச்சுத் தலையே வலிச்சுப்போச்சுங்க. உங்க ஊட்டை மட்டும் நான் நெனைக்கவே இல்லீங்கப்பா."

பேசாமல் இருந்திருக்கலாம். அவள் அப்படியே நம்பிக்கொண்டு போயிருப்பாள். முப்பத்து நாலு வருஷம் விரிசலை மறைத்து ஒரு வார்ப்பையும் அனுப்பாத மனுஷனுக்கு அது முடியவில்லை.

"அம்மணி, அது நாந்தான்."

மறுபக்கம் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. அவர் சொல்லிக்கொண்டே போனார். நாலு போட்டதை, மூன்று போட்டதை, உப்பு மிளகாயை, மாசாணியம்மாளை, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அது எவ்வளவு கிறுக்குத்தனமாகக் கேட்கிறது என்று அவருக்கே தெரிந்தது.

"மூணா போட்டீங்க?" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"உனக்குக் கண்ணு பட்டுறக் கூடாதுன்னுதான் கண்ணு..."

போனை வைத்துவிட்டாளோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைக்கவில்லை.

"செரிங்க சார்" என்றாள்.

கம்பெனியில் ஆயிரம் பேர் அவரைச் சார் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு இப்படி அறுக்கத் தெரியும் என்று அவருக்கு அன்றுவரை தெரியாது.

"பரவாலீங்க சார். மேடத்தோட கைய மட்டும் தினம் ரெண்டு வேளை விரிச்சு உடுங்க. சுடுதண்ணியில வெச்சு, பெருவெரல்ல இருந்து ஆரம்பிங்க. மூட உட்டுறாதீங்க சார். வெச்சுடறேனுங்க."

அதற்கப்புறம் அந்த எண்ணுக்கு அவர் போன் செய்யவில்லை. எந்த முகத்தோடு செய்வது? ஷேக் பரீத் எழுதிய மெயிலுக்குப் பதிலும் வரவில்லை.

ஐப்பசியில் செயலி வேறு ஆளை அனுப்பியது. வாட்டசாட்டமான இளைஞன், நல்ல சட்டை. ரங்கம்மாளின் கையை நாலு தரம் மடக்கி நீட்டினான், காலை நாலு தரம் தூக்கினான், மீதி நேரம் ஜன்னலோரம் நின்று தன் போனைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பலூன் விளையாட்டைப் பற்றித் திருமலைசாமி சொன்னபோது, அதெல்லாம் தேவையில்லை என்றான். முக்கால் மணி நேரம் என்று போட்டிருந்தது, அரை மணிக்குள் பையைத் தோளில் மாட்டினான். வாசலில் நின்று, "சார், அஞ்சு ஸ்டார் போட்டு உட்டுருங்க. ஒண்ணு கொறைஞ்சாலும் எனக்குப் பிரச்சனை ஆயிரும்ங்க" என்றான். நட்சத்திரத்தை வாய்விட்டுக் கேட்க அவனுக்குத் தெரிந்திருந்தது.

அவன் போன பிறகு திருமலைசாமி சுடுதண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துவந்து ரங்கம்மாளின் காலடியில் உட்கார்ந்தார். கையைத் தண்ணீரில் வைத்துப் பெருவிரலைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். ரங்கம்மாள் வலியில் முகத்தைச் சுளித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவர் விட்டுவிட்டார்.

மேசை மேல் போன் அதிர்ந்தது. ‘இன்றைய சேவை எப்படி இருந்தது?’ ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தார். இவன் வேலைக்கு ஒன்றுகூட அதிகம். ஒன்று போட்டால் இவனும் போவான், போய் ஏதாவது கடையில் பில் போடுவான். இவனுக்கும் எங்காவது ஒரு வீடு இருக்கும். வாழ்க்கையில் முதல் முறையாக ஐந்து நட்சத்திரத்தையும் வரிசையாக அமுக்கினார். எழுதுவதற்கு விட்டிருந்த இடத்தைக் காலியாக விட்டார். போன் அவருக்கு நன்றி சொன்னது. ரங்கம்மாள் மூடிய கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.